மனை நோட்டீஸில் போட்டதும் நேரில் பார்த்ததும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

பாலக்கோட்டான்:
முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் விற்கிற பக்கம். காரிமங்கலம் தாண்டி உள்ளே ஒரு லேஅவுட். நோட்டீஸ் வாசகம் நான் எழுதியது. 'தர்மபுரி பஸ் ஸ்டாண்டிலிருந்து 10 நிமிடம்' என்று போடச் சொன்னார் முதலாளி. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை 5 மணிக்கு பைக்கை முறுக்கிப் பார்த்தேன், அப்போதும் 10 நிமிடத்தில் வரவில்லை. சரி, எல்லாரும் போடுவதுதானே என்று அச்சுக்குக் கொடுத்துவிட்டேன்.

சித்திரை வெயிலில் ஒரு பெரியவரும் அவர் வீட்டம்மாவும் வந்தார்கள். டவுன் பஸ்ஸில் வந்து, நிறுத்தத்திலிருந்து நடை. மஞ்சப்பையிலிருந்து நான் எழுதிய நோட்டீஸை எடுத்து நீட்டினார். கோபமே இல்லை. "தம்பி, 10 நிமிஷம்னு போட்டிருக்குது. நாங்க பஸ்ஸுலயே முக்கால் மணி நேரம் வந்தோம். தப்பான எடத்துக்கு வந்துட்டமா?" என்றார்.

தப்பு தன்னுடையது என்று நினைத்துவிட்டார் மனிதர்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "சரியான எடந்தான் ஐயா, இன்னைக்கு டிராபிக் ஜாஸ்தி." அந்த அம்மா திரும்பி ரோட்டைப் பார்த்தார்கள். ரோட்டில் நாலு வெள்ளாடுகள் நின்றன. அவ்வளவுதான் டிராபிக்.

சூளகிரிக்காரர்:
10 நிமிடமாவது பரவாயில்லை நண்பரே, பஸ் ஸ்டாண்ட் என்று ஒன்று நிஜமாக இருக்கிறது. எனக்கு வந்தது 'ஏர்போர்ட்டுக்கு 15 நிமிடம்'. ஓசூரில் 2000 ஏக்கரில் விமான நிலையம் என்று 2024 ஜூனில் சட்டசபையில் அறிவித்தார்கள் அல்லவா, அந்தச் சூட்டோடு வாட்ஸப்பில் வந்த படம். கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கு மேலே விமானம் பறக்கிறது. எந்த இடம் என்று அரசாங்கமே அப்போது முடிவு செய்திருக்கவில்லை. பெங்களூரு விமான நிலைய ஒப்பந்தத்தில் 150 கிலோமீட்டருக்குள் 2033 வரை வேறு சர்வதேச விமான நிலையம் வரக்கூடாது என்று ஒரு நிபந்தனை இருப்பதெல்லாம் எனக்கு அப்புறம்தான் தெரியும்.

வேனில் அழைத்துப் போனார்கள். மதியம் பிரியாணி. போகும்போது ஒரு பையன் ஜன்னல் வழியாகக் கை நீட்டி "ஏர்போர்ட் அந்தப் பக்கம் சார்" என்றான். திரும்பும்போது வேறொரு பையன், அதே ரோடு, நேர் எதிர்ப்பக்கம் கை காட்டினான். இரண்டு கையையும் பார்த்த பிறகும் 50,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்தவன் நான். ஐந்து மாதம் அலைந்து, துண்டு துண்டாகத் திரும்ப வாங்கினேன். பணத்தைவிட அந்த இரண்டு கைகள்தான் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன.

மாந்தோப்பு அக்கா:
நான் வாங்கவும் இல்லை, விற்கவும் இல்லை. காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் தோப்பு, அப்பா காலத்து பெங்களூரா மரங்கள். எதிரே லேஅவுட் போட்டார்கள். ஒரு மே மாத ஞாயிறு, காலையிலேயே கார் காராக ஜனம். குழந்தைகள் எங்கள் வேலிக்குள் நுழைந்து காய்க்குக் கல்லெறிகிறார்கள். நான் சத்தம் போட்டால், அவர்களுடைய அப்பா என்னிடமே கேட்கிறார்: "ஏம்மா, இது பார்க்தானே? இதுல போட்டிருக்காங்களே?"

போனை வாங்கிப் பார்த்தேன். எங்கள் தோப்பேதான். வரப்போரம் எங்கள் நீல டிரம் கூட அப்படியே இருக்கிறது. கீழே 'குழந்தைகளுக்கான பசுமைப் பூங்கா' என்று எழுத்து. எதிரே அவர்கள் பூங்கா என்று ஒதுக்கிய இடத்தில் ஜல்லிதான் கொட்டிக் கிடந்தது.

பாலக்கோட்டுத் தம்பி, அந்தப் பெரியவர் கடைசியில் வாங்கினாரா? அதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே.

டூவீலர் புரோக்கர்:
எல்லாரும் புரோக்கரைத்தான் அடிப்பீர்கள். சூளகிரி சார், பிரியாணி சாப்பிடும்போது தெரியவில்லையா யாருடைய காசு என்று? 2% கமிஷனுக்கு வெயிலில் சுற்றுகிறோம். நிஜத்தைப் போட்டால் ஒரு போன் வராது. கேட்கிறவர்களே "பெங்களூருக்கு எவ்வளவு நேரம்"தான் கேட்கிறார்கள், "தண்ணீர் எத்தனை அடியில்" என்று கேட்பதில்லை.

என் கதையும் சொல்கிறேன். ஊத்தங்கரை பக்கம் ஒரு நிலம், 'கிணறு உள்ளது' என்று போட்டேன். கிணறு இருந்தது. பொய் இல்லை. வந்தவர் எட்டிப் பார்த்துவிட்டு ஒரு சின்னக் கல்லை எடுத்து உள்ளே போட்டார். 'டக்' என்று சத்தம். இருவரும் பேசவில்லை. அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அது பொய்யா, நீங்களே சொல்லுங்கள்.

சூளகிரிக்காரர்:
பொய்தான். அப்புறம், அந்தப் பிரியாணியில் பீஸ் இல்லை.

எழுத்தர் மகன்:
அப்பா பத்திர எழுத்தர், நான் அவருக்குக் கையாள். என் அனுபவம் சின்னது. பத்திரம் போட வந்த ஒருவர் நோட்டீஸைக் காட்டி "ரேரா நம்பர் இருக்கு, பயமில்லை" என்றார். ரேரா என்பது ரியல் எஸ்டேட்டை ஒழுங்குபடுத்தும் ஆணையம். பார்த்தால் அது மனைப்பிரிவின் எண் இல்லை, விற்கிற முகவரின் பதிவு எண். முகவருக்கு ஒன்று, திட்டத்துக்கு ஒன்று, இரண்டும் வேறு. நோட்டீஸ் போட்டவர் பொய் சொல்லவில்லை, புரோக்கர் அண்ணன் கிணறு மாதிரிதான். பத்திரம் போட வந்தவர் முகம் மாறியதை மறக்க முடியவில்லை.

இது தெரியாமல் நிறையப் பேர் மாட்டுகிறார்கள், அதனால் சொல்கிறேன். 2016-ல் வந்த ரேரா சட்டப்படி 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவைப் பதிவு செய்யாமல் விளம்பரமே செய்யக்கூடாது. புக்கிங் வாங்குவது மட்டுமில்லை, நோட்டீஸ் அடிப்பதே தப்பு. மீறினால் திட்ட மதிப்பில் 10% வரை அபராதம். விளம்பரத்தில் திட்டத்தின் பதிவு எண்ணும் ஆணையத்தின் இணையதள முகவரியும் இருக்க வேண்டும். முகவர் பதிவு செய்யாமல் விற்றால் அவருக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் அபராதம்.

சூளகிரி அண்ணன் கவனிக்க: விளம்பரத்தை நம்பி அட்வான்ஸ் கொடுத்து அது பொய் என்று தெரிந்தால், 12-ஆம் பிரிவின்படி விலகிக்கொண்டு முழுப் பணத்தையும் வட்டியோடு கேட்கலாம். நீங்கள் துண்டு துண்டாக வாங்கியிருக்க வேண்டியதே இல்லை. அந்த வாட்ஸப் படத்தை அழிக்காமல் வைத்திருப்பதுதான் முக்கியம். விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் விலையில் 10%-க்கு மேல் கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

'பஞ்சாயத்து அப்ரூவல்' என்று போட்டிருந்தால் படிப்பதை அங்கேயே நிறுத்திவிடலாம். தன்னிச்சையாக மனைப்பிரிவுக்கு அனுமதி கொடுக்கிற அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்குக் கிடையாது. 'டிடிசிபி அப்ளைடு' என்றால் நகர் ஊரமைப்பு இயக்ககத்தில் (டிடிசிபி) அனுமதி கேட்டு மனு போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். 'பத்திரப்பதிவு இலவசம்' என்றால் முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2%, இந்த 9% எந்தத் தொகைக்கு என்று கேளுங்கள். பல இடங்களில் அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் கட்டுவார்கள், மிச்சப் பணத்துக்கு உங்களிடம் காகிதமே இருக்காது. சென்ட் கணக்கில் விலை சொன்னால் 435.6-ஆல் வகுத்துப் பாருங்கள், சதுர அடி விலை தெரியும். இன்னும் பட்டா, வில்லங்கம், தாய்ப்பத்திரம் பற்றி...

மாந்தோப்பு அக்கா:
தம்பி, நல்ல விஷயம்தான், ஆனால் யாரும் கேட்கவில்லை. தோப்பைப் படம் பிடித்தவனை என்ன செய்யலாம் என்று சொன்னால் பிரயோஜனம்.

எழுத்தர் மகன்:
ரேரா ஆணையத்தில் புகார் கொடுக்கலாம் அக்கா. பாதிக்கப்பட்ட யாரும் கொடுக்கலாம். நீல டிரம்மையும் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

பாலக்கோட்டான்:
அக்கா, வாங்கினார். அதனால்தான் எழுதினேன். வாங்காமல் போயிருந்தால் மறந்திருப்பேன்.

புரோக்கர் அண்ணனுக்கு: இப்போது தனியாகச் செய்கிறேன். பதிவு எண், தர்மபுரியிலிருந்து எத்தனை கிலோமீட்டர், டவுன் பஸ் ஒரு நாளைக்கு எத்தனை முறை, எல்லாம் போடுகிறேன். நீங்கள் சொன்னது உண்மை, போன் பாதியாகக் குறைந்தது. வருகிற போனிலும், "பக்கத்து லேஅவுட்டுக்கு 8 நிமிஷம்னு இருக்குதே, உங்க எடம் மட்டும் ஏன் இவ்வளவு தூரம்?" என்று கேட்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான்.

பெரியவர் வருடத்துக்கு இரண்டு முறை மனையைப் பார்க்க வருவார். கிளம்பும் முன் எனக்குப் போன் செய்வார். மூன்று வருடமாக அதே கேள்வி: "தம்பி, இன்னைக்கு டிராபிக் எப்படி?"

தெரிந்து கேட்கிறாரா, தெரியாமல் கேட்கிறாரா என்று இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. நான் போய் பைக்கில் ஏற்றிக்கொண்டு வந்துவிடுகிறேன்.