பேட்டரியை டிக்கிக்கு மாற்றிய பிறகு, இன்ஜின் சூடானால் ஸ்டார்ட் ஆகவில்லை: அவசர உதவி தேவை

தடம்72:
வணக்கம். ட்ராக்கில் ஓட்டுவதற்கென்று தயார் செய்துவரும் காரில், பேட்டரியை முன்பக்கத்திலிருந்து எடுத்து டிக்கியில் பொருத்தியிருக்கிறேன். காலையில் ஸ்டார்ட் செய்தால் ஓரளவு ஒழுங்காகவே எடுக்கிறது. நன்றாக ஓட்டி நிறுத்திவிட்டு, சிறிது நேரம் கழித்து மீண்டும் சாவியைத் திருப்பினால், இன்ஜினைச் சுழற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார் மெதுவாக ஓரிரு சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது. சில வேளைகளில் ‘டக்’ என்ற ஒலி மட்டுமே கேட்கிறது. பேட்டரி புதியது, வோல்டேஜ் 12.6 காட்டுகிறது, கேபிளும் தடிமனானதுதான். ஞாயிற்றுக்கிழமை செட்டிப்பாளையம் ட்ராக்கில் ஓட்ட வேண்டியிருப்பதால், எதை மாற்ற வேண்டும் என்று தெரிந்தவர்கள் விரைந்து சொல்லுங்கள்.

செம்புக்கம்பி:
எந்தக் கார், எந்த இன்ஜின் என்றே நீங்கள் குறிப்பிடவில்லை. கேபிள் எத்தனை சதுர மில்லிமீட்டர், எத்தனை மீட்டர் நீளம், அது செம்பா, எர்த்தை (பேட்டரியின் நெகட்டிவ் முனையைப் பாடியோடு சேர்க்கும் இணைப்பை) எங்கே கொடுத்தீர்கள், பேட்டரிக்கு அருகில் ஃபியூஸ் இருக்கிறதா என்பதெல்லாம் தெரிந்தால்தான் பதில் சொல்ல முடியும். தடிமன் என்று நீங்கள் சொல்வது மேலுறையையும் சேர்த்ததாக இருக்கலாம். உள்ளே இருக்கும் உலோகத்தின் அளவுதான் கணக்கு. அந்த 12.6 வோல்ட்டும் ஸ்டார்ட்டர் சுற்றாத நிலையில் எடுத்த அளவாக இருந்தால், அதை வைத்து எதையும் முடிவு செய்ய இயலாது.

நாலாம் கியர்:
குளிர்ந்திருக்கும்போது எடுத்து, சூடானபின் எடுக்கவில்லை என்றால், அது ஸ்டார்ட்டர் வெப்பத்தில் ஊறிப்போகும் பிரச்சினையே. செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் கூடும் என்பதால், ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் செம்புச் சுருள் (வைண்டிங்) அறுபது டிகிரி கூடுதலாகச் சூடேறினால் தடை கால் பங்குவரை ஏறிவிடும். இன்ஜினிலிருந்து புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை, போட்டிக் கார்களில் போடும் தனிக் குழாய்களாலான ஹெடராக மாற்றியிருந்தால் அந்தக் குழாய் ஸ்டார்ட்டருக்கு மிக அருகில் போகும். ஸ்டார்ட்டரைச் சுற்றி வெப்பத் தடுப்பு உறை போடுங்கள். நான் பார்த்த இத்தகைய கார்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுவே தீர்வாக இருந்தது.

கார்பரேட்டர் காலம்:
தம்பி, பேட்டரியைப் பின்னால் கொண்டுபோவதற்கு முன் ஓம் விதியை ஒருமுறை படித்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. கார் நிறுவனத்தின் பொறியாளர்கள் பேட்டரியை ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் வைத்ததற்குக் காரணம் உண்டு. முன்சக்கர இழுவைக் காரில் முன்பக்கம் கனமாக இருப்பது உண்மைதான், ஆனால் 35 ஆம்பியர்-மணி பேட்டரியின் எடை பத்துக் கிலோ அளவே இருக்கும். பின் இருக்கைகள், டிக்கியில் கிடக்கும் மாற்றுச் சக்கரம், ஒலி தடுக்கும் தார் விரிப்புகள் ஆகியவற்றை முதலில் கழற்றிவிட்டு, பிறகு பேட்டரியைப் பற்றி யோசித்திருக்க வேண்டும். புதிதாக வருபவர்கள் எல்லோரும் படத்தில் பார்த்ததைச் செய்ய நினைக்கிறார்கள், அடிப்படை தெரிவதில்லை.

தடம்72:
ஸ்விஃப்ட் 1.2 பெட்ரோல். பின் இருக்கைகள் எல்லாம் ஏற்கெனவே கழற்றப்பட்டுவிட்டன. கேபிள் 25 சதுர மில்லிமீட்டர் வெல்டிங் கேபிள், நாலரை மீட்டர். எர்த் டிக்கியிலேயே பாடியில் கொடுத்திருக்கிறேன். ஹெடர் இல்லை, மேனிஃபோல்ட் கம்பெனியில் வந்ததே. இதற்குத் தொடர்பில்லாத ஒன்று: கடந்த சில நாட்களாகக் க்ளட்ச் பெடல் மிகவும் கடினமாக இருக்கிறது, அதைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். இப்போதைக்கு 50 சதுர மில்லிமீட்டர் கேபிள் வாங்கிப் போட்டால் சரியாகிவிடுமா?

செம்புக்கம்பி:
வாங்குவதற்கு முன் இருக்கும் கேபிளின் நுனியில் ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் சிவப்பாக இருந்தால் செம்பு. மேலே செம்பு நிறமும் உள்ளே வெள்ளையும் தெரிந்தால், அது செம்பு முலாம் பூசிய அலுமினியம். ஒலிபெருக்கிக் கடைகளில் மலிவாகக் கிடைப்பவை பெரும்பாலும் இவைதான். அலுமினியம் செம்பைப்போல் ஏறத்தாழ அறுபது சதவீதமே மின்சாரம் கடத்தும் என்பதால், 25 என்று அச்சிட்டிருந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது 16 சதுர மில்லிமீட்டர் செம்பின் வேலைதான். என் சந்தேகம் முழுவதும் இதன்மேல்தான். ஃபியூஸ் பற்றிய கேள்விக்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

கார்பரேட்டர் காலம்:
ஸ்டார்ட்டர் கேபிளுக்கு எந்தக் காலத்திலும் ஃபியூஸ் போட்டதில்லை. ஸ்டார்ட்டர் இழுக்கத் தொடங்கும் கணத்தில் முந்நூறு ஆம்பியருக்கு மேல் பாயும். ஃபியூஸ் போட்டால் ஒருநாள் அது ட்ராக்கில் காரைக் கைவிட்டுவிடும். போட்டிக்குக் கேட்கப்படுவது காரின் மின்சாரம் முழுவதையும் துண்டிக்கும் மெயின் சுவிட்ச். அதை ஒழுங்காகப் பொருத்தினால் போதும்.

செம்புக்கம்பி:
ஐயா, இதை நான் ஏற்க மாட்டேன். பேட்டரி முன்னால் இருந்தபோது பாசிட்டிவ் கேபிளின் நீளம் மிகக் குறைவு. இப்போது அதே கேபிள் பெட்ரோல் டேங்கைக் கடந்து, கதவடியை ஒட்டி, காரின் முழு நீளத்துக்கும் ஓடுகிறது. பக்கவாட்டில் ஓர் இடி வாங்கித் தகடு மடங்கி அந்தக் கேபிளை வெட்டினால், அடுத்த கணமே பேட்டரி தன்னிடம் உள்ள அத்தனை மின்சாரத்தையும் பாடிக்குள் கொட்டும். சுவிட்ச்சைத் திருப்ப ஒருவர் ஓடிவரும்வரை அது காத்திருக்காது. டிக்கியில் பேட்டரி வைக்கும் பி.எம்.டபிள்யூ. மாடல்கள் பலவற்றில், மோதலின்போது பாசிட்டிவ் முனையைத் தானாகத் துண்டிக்கச் சிறு வெடிமருந்துக் குப்பியையே பொருத்தியிருக்கிறார்கள். பேட்டரிக்கு ஒரு சாண் தொலைவுக்குள் 200 அல்லது 250 ஆம்பியர் மெகா ஃபியூஸ் போடுவதில் தவறில்லை. இவ்வகை ஃபியூஸ் மெதுவாக உருகுவது; தொடக்கத்தில் ஒரு கணம் பாயும் முந்நூறு ஆம்பியரை அது தாங்கிக்கொள்ளும்.

நாலாம் கியர்:
மெயின் சுவிட்ச் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு முனை மட்டும் உள்ள சுவிட்ச்சை பேட்டரி கேபிளில் போட்டால், ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜின் நிற்காது; இன்ஜினால் சுழன்று மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரே, தீப்பொறி தரும் இக்னிஷனுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். ஆறு முனை உள்ள சுவிட்ச்தான் வேண்டும். அதில் ஒரு ஜோடி இக்னிஷனைத் துண்டிக்கும். இன்னொரு ஜோடி ஆல்டர்னேட்டரில் எஞ்சும் மின்சாரத்தை ஒரு ரெசிஸ்டர் வழியாக எர்த்துக்கு இறக்கும்.

கார்பரேட்டர் காலம்:
அது எனக்குத் தெரியாததல்ல. நான் பேசியது ஃபியூஸ் பற்றி. கேபிள் நுனியில் மாட்டும் லக்குகளை அழுத்திக் கிரிம்ப் செய்யாமல் ஈயம் ஊற்றி நிரப்பியிருந்தால் அதையும் முதலில் வெட்டி எறியச் சொல்லுங்கள். இணைப்பு சூடேறினால் ஈயம் இளகும். அதிர்வில், ஈயம் ஏறிய இடம் முடியும் விளிம்பில் இழைகள் ஒவ்வொன்றாக முறியும்.

மின்னழுத்தம்:
ஃபியூஸ் வாதம் தேவையானதுதான், ஆனால் கேட்டவரின் கார் ஞாயிற்றுக்கிழமைக்குள் ஸ்டார்ட் ஆக வேண்டும். நான் ஆட்டோ எலக்ட்ரிகல் வேலை செய்பவன். தடம்72, தொடர்பில்லை என்று நீங்கள் ஒதுக்கிய க்ளட்ச் பெடல்தான் என் கண்ணில் முதலில் பட்டது.

இதுவரை எல்லோரும் பாசிட்டிவ் கேபிளைப் பற்றியே பேசியிருக்கிறோம். ஸ்டார்ட்டருக்குப் போகும் அத்தனை ஆம்பியரும் பேட்டரியின் நெகட்டிவ் முனைக்குத் திரும்பி வந்தாக வேண்டும். ஸ்டார்ட்டரின் எர்த் என்பது அதன் உடல்தான். அது கியர்பாக்ஸோடு போல்ட் செய்யப்பட்டிருக்கிறது. இன்ஜினும் கியர்பாக்ஸும் ரப்பர் மவுண்ட்டுகளின்மேல் உட்கார்ந்திருப்பதால், கேபிள் இல்லாவிட்டால் பாடியோடு அவற்றுக்கு முறையான மின் தொடர்பே கிடையாது. பெரும்பாலான முன்சக்கர இழுவைக் கார்களில், பேட்டரியின் பழைய நெகட்டிவ் கேபிள் ஒரு கிளை பாடிக்கும் ஒரு கிளை கியர்பாக்ஸுக்குமாகப் பிரிந்து போகும். பேட்டரியை மாற்றுபவர்கள் ‘இனி இது எதற்கு’ என்று அந்தக் கேபிளை முழுவதுமாகக் கழற்றிவிடுவது மிகச் சாதாரணமாக நடப்பது. அப்படிக் கழற்றிய பின், நூற்றைம்பது ஆம்பியர் மின்சாரம் இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையில் எந்த உலோகம் கிடைத்தாலும் அதன் வழியாகத் திரும்ப முயலும்: சென்சார்களின் மெல்லிய எர்த் வயர், எக்ஸாஸ்ட் தொங்கும் கொக்கி, கியர் கேபிள், க்ளட்ச் கேபிள். க்ளட்ச் கேபிளின் உள்ளே இருப்பது எஃகுக் கம்பி. அது சூடேறும்போது சுற்றியுள்ள பிளாஸ்டிக் உள்ளுறை இளகிக் கம்பியோடு ஒட்டிக்கொள்ளும், பெடல் கடினமாகும். பட்டறைக்கு ‘க்ளட்ச் கேபிள் மாற்றி மாற்றி அலுத்துவிட்டது’ என்று வந்த வண்டிகளில் எர்த் கேபிள் இல்லாமல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன். இன்ஜின் அறை சூடேறினால் அந்த எஃகின் தடையும் கூடும், நாலாம் கியர் சொன்னபடி ஸ்டார்ட்டர் வைண்டிங்கின் தடையும் கூடும். குளிர்ந்த நிலையில் எப்படியோ ஒப்பேறியது சூட்டில் முடியாமல் போகிறது.

எதையும் வாங்காதீர்கள், முதலில் அளந்து பாருங்கள். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வையுங்கள். இன்ஜின் பற்றிக்கொள்ளாமலிருக்க ஃப்யூவல் பம்ப் ஃபியூஸை எடுத்துவிட்டு, ஒருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லி, ஸ்டார்ட்டர் சுற்றும் அந்தச் சில விநாடிகளில் அளவெடுங்கள். பேட்டரியின் இரு முனைகளுக்கு இடையே ஒன்று. பேட்டரி பாசிட்டிவ் முனைக்கும் ஸ்டார்ட்டரின் தடித்த போல்ட்டுக்கும் இடையே ஒன்று. பேட்டரி நெகட்டிவ் முனைக்கும் கியர்பாக்ஸின் சுத்தமான உலோகப் பரப்புக்கும் இடையே ஒன்று. முனைகள் தொலைவில் இருப்பதால் மீட்டருக்கு ஒரு நீண்ட வயரை இணைத்துக்கொள்ளுங்கள். 25 சதுர மில்லிமீட்டர் செம்பு மீட்டருக்கு ஏறத்தாழ 0.78 மில்லி ஓம். நாலரை மீட்டருக்கு மூன்றரை மில்லி ஓம். 150 ஆம்பியரில் அரை வோல்ட்டுக்குச் சற்று மேல் இழப்பு வரும். அது விரும்பத்தக்கதல்ல, ஆனால் வண்டியை நிறுத்திவிடாது. நெகட்டிவ் பக்கம் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குறை அங்கேதான். டிக்கியில் எர்த் போல்ட்டின் அடியில் பெயின்ட்டைச் சுரண்டினீர்களா என்பதையும் சொல்லுங்கள்.

செம்புக்கம்பி:
இந்த முறை சரி. பாசிட்டிவ் பக்கம் ஒரு வோல்ட்டை நெருங்கினால் அலுமினியம் என்ற என் சந்தேகமும் உறுதியாகிவிடும்.

கார்பரேட்டர் காலம்:
எர்த்தைப் பாருங்கள் என்பதைத்தான் நானும் அடிப்படை என்று சொன்னேன்.

மின்னழுத்தம்:
ஐயா, நீங்கள் ஓம் விதியைப் படிக்கச் சொன்னீர்கள். எங்கே மீட்டரை வைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. கேட்டவருக்கு வேண்டியது இரண்டாவது.

தடம்72:
அளந்துவிட்டேன். பேட்டரியில் 11.4, பாசிட்டிவ் பக்கம் 0.5, நெகட்டிவ் பக்கம் 2.3. கியர்பாக்ஸுக்குப் போன பழைய கேபிள் இப்போது காரில் இல்லை. 35 சதுர மில்லிமீட்டரில் கியர்பாக்ஸ் போல்ட்டிலிருந்து பாடிக்கு ஒரு கேபிள் போட்டு, இரண்டு முனையிலும் டிக்கியிலும் பெயின்ட்டை எமரி தாளால் தேய்த்தேன். நெகட்டிவ் பக்கம் இப்போது 0.2. சூட்டிலும் உடனே எடுக்கிறது. எல்லோருக்கும் நன்றி.

மின்னழுத்தம்:
மகிழ்ச்சி. தேய்த்த இடங்களில் துருப்பிடிக்காமலிருக்க, போல்ட்டை இறுக்கிய பிறகு மேலே கிரீஸ் தடவிவிடுங்கள். க்ளட்ச் கேபிளை ஞாயிற்றுக்கிழமைக்கு முன் கட்டாயம் மாற்றுங்கள். உருகிய உள்ளுறை தானாகச் சரியாகாது, ஓடும்போது அறுந்தால் கியரை விடுவிக்க முடியாது. பேட்டரியை எப்படிக் கட்டியிருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். இடம் மாற்றிய பேட்டரிக்கு எஃப்.ஐ.ஏ. (உலகக் கார் பந்தய அமைப்பு) விதிகளின் பின்னிணைப்பு ஜே கேட்பது, உலோகத் தட்டும் காப்புறையிட்ட இரண்டு உலோகப் பட்டைகளும், குறைந்தது 10 மில்லிமீட்டர் போல்ட்டுகளும், ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் 3 மில்லிமீட்டர் கனமும் 20 சதுர சென்டிமீட்டர் பரப்பும் கொண்ட தகடுமாகும். கடையில் கிடைக்கும் நைலான் பட்டையை நம்பாதீர்கள்.

செம்புக்கம்பி:
தடம்72, பாசிட்டிவ் பக்கம் 0.5 என்றால் உங்கள் கேபிள் நல்ல செம்பு. அதை மாற்றத் தேவையில்லை. ஃபியூஸ் இருக்கிறதா, பின் இருக்கை இருந்த தகட்டைக் கேபிள் கடக்கும் இடத்தில் கேபிள் உரசாமல் காக்கும் ரப்பர் வளையம் (குரோமெட்) போட்டிருக்கிறீர்களா என்ற இரண்டுக்கும் பதில் எழுதுங்கள்.