பாப் டெஸ்ட் நார்மல், அப்புறம் எதுக்கு ஸ்கேன் பாத்து பயாப்சி?

மஞ்சக்குப்பம்_பொண்ணு:
அம்மாவுக்கு 56 வயசு, பீரியட்ஸ் நின்னு அஞ்சாறு வருஷம் ஆச்சு. இப்ப லேசா கறை படுது, அவங்களா வாயத் தொறக்கல, துணி துவைக்கிறப்ப நான்தான் பாத்தேன். பாப் டெஸ்ட் (கர்ப்பப்பை வாயில சுரண்டி செல் எடுத்து பாக்குறது) நார்மல், ஆனா உள்ள விட்டு பாக்குற ஸ்கேன்ல கர்ப்பப்பை வாய் உள்பக்கம் தடிப்பா இருக்காம். ஸ்கேன் பாத்துகிட்டே ஊசியில சதை எடுக்கணும்ங்கறாங்க. அத்தைக்கு எடுத்தப்ப கால்போஸ்கோப்லயே முடிச்சாங்களே? அப்பா வேற கேன்சரா இருந்து ஊசி பட்டா பரவிடும்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு.

கோரிமேடு_சிஸ்டர்:
ஏம்மா, கால்போஸ்கோப்ங்கறது பூதக்கண்ணாடி மாதிரிதான், அசிட்டிக் ஆசிட் தடவி வெள்ளையா மாறுற இடத்துல கிள்ளி எடுப்பாங்க, அது மேல்தோலுக்கு சரி. கர்ப்பப்பை வாயில வெளித்தோலும் உள்தோலும் சேர்ற எல்லையிலதான் கோளாறு வரும், வயசானா அந்த எல்லையே கர்ப்பப்பை வாய்க் குழாய்க்குள்ள ஏறிடும், மேல பாத்தா பளபளன்னு இருக்கும், ஆழத்துல இருந்தா பாப்லயும் மாட்டாம போகலாம். அதான் ஸ்கேன். கர்ப்பப்பை உள்சுவர் தடிமன் எத்தன மில்லிமீட்டர்னு ரிப்போர்ட்ல பாரு, 4-க்கு மேலன்னா அங்கயும் எடுக்கச் சொல்லுவாங்க. பரவுறதுக்கெல்லாம் பயந்து இத தள்ளிப் போடாதீங்க, சதைய பாக்காம ஆபரேஷனா கரண்ட் வைக்கிறதா (கதிர்வீச்சு)ன்னு யாரும் முடிவு பண்ண முடியாது.

ஓடி_அக்கா:
எனக்கு போன வருஷம் எடுத்தாங்கப்பா. ஸ்கேன் குழாய் மேல காண்டம் மாட்டி ஜெல் தடவி, பக்கத்துலயே ஊசி போக ஒரு சின்ன குழல், டாக்டரம்மா என் மூஞ்சிய பாக்கவே இல்ல கண்ணு பூரா திரையிலதான். டக்குனு ஸ்டேப்ளர் அடிக்கிற மாதிரி சத்தம், மூணு தடவ. சுருக்குனுச்சு, அப்புறம் பீரியட்ஸ் வலி மாதிரி இழுத்துச்சு அவ்ளோதான். வந்தது என்னமோ சேமியா துண்டு மாதிரி இத்துனூண்டு! ரெண்டு நாள் திட்டுத் திட்டா பட்டுச்சு. நான் பாண்டியில இருந்து பஸ்ல நின்னுகிட்டே கடலூர் வந்தேன், அந்த முட்டாள்தனம் பண்ணாதீங்க. இன்னொண்ணு, எடுத்த சதை கெடாம போட்டு வைக்கிற ஃபார்மலின் பாட்டில நம்ம கையில குடுத்து லேப்ல குடுங்கன்னா முதல்ல லேபிள படிங்க, என்னுதுல வேற ஒருத்தங்க பேரு இருந்துச்சு, நல்லவேளை வீட்டுக்காரர் பாத்தாரு.

நெல்லிக்குப்பம்88:
ரத்தம் உறையாம இருக்க மாத்திரை எதாவது போடுறாங்களா அம்மா? முன்னாடியே சொல்லிடுங்க, நீங்களா நிறுத்திடாதீங்க, எத்தன நாளுன்னு அவங்களே சொல்லுவாங்க. ரிப்போர்ட் வந்தா பேப்பரோட விடாம சதைய பதிச்சு வச்ச மெழுகு ப்ளாக், அதுல சீவி எடுத்த கண்ணாடி ஸ்லைடையும் கேட்டு வாங்கி வைங்க, ஜிப்மர் மாதிரி இன்னொரு எடத்துல காமிக்கணும்னா மறுபடி குத்தாம அதையே பாப்பாங்க.

மஞ்சக்குப்பம்_பொண்ணு:
ஐயோ ஈகோஸ்ப்ரின் போடுறாங்க, இத யாருமே கேக்கல, நாங்களும் சொல்லல. காலைல முதல் வேலையா போன் பண்றேன். ஓடி அக்கா எழுதினத அப்பாவுக்கு படிச்சு காட்டுனேன், சேமியா வந்ததும் "அவ்ளோதானா"ன்னு கேட்டுட்டு நியூஸ் பாக்க போயிட்டாரு. அம்மா மட்டும் அந்த டாக்டரம்மாதான் எடுப்பாங்களா, ஆம்பள டாக்டரான்னு கேளுங்கறாங்க.