இடைவெளி நிரப்பிய மழைத் தரவு: வெள்ள முகடு ஒரு நாள் பிந்துவது ஏன்?

கேள்வி:
ஒரு சிறிய ஆற்று வடிநிலத்துக்கு ஸ்வாட் (SWAT) மாதிரியை, அதாவது மழையிலிருந்து ஆற்று நீரோட்டத்தைக் கணிக்கும் கணினி மாதிரியை, அமைத்து வருகிறேன். நான்கு மழைமானிகளின் தினசரிப் பதிவுகள் உள்ளன. ஆனால் இடையிடையே விடுபாடுகள் இருக்கின்றன. ஓரிரு நாள் விடுபட்ட இடங்களில் பூஜ்யம் இட்டேன். மாதக்கணக்கில் விடுபட்டவற்றை, ஈஆர்ஏ5-லேண்ட் (ERA5-Land; நிலப்பரப்பைச் சிறு கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் கணக்கிட்டுத் தரப்படும் வானிலைத் தரவு) தரவில் நாள்தோறும் 00 மணிக்குரிய மழை மதிப்பை எடுத்து, மீட்டரை மில்லிமீட்டராக்கி நிரப்பினேன். மானிப் பதிவு முழுமையாக உள்ள காலத்தில் நீரோட்டம் நன்றாகப் பொருந்துகிறது. நிரப்பிய மாதங்களில் மட்டும் முகடு ஒரு நாள் பிந்தி வருகிறது. உயரமும் குறைவாக இருக்கிறது. அளவுருக்களை எவ்வளவு மாற்றியும் இது சரியாகவில்லை.

மறுமொழி 1:
அளவுருக்களை இப்போதைக்குத் தொட வேண்டாம், பிழை தேதியில் இருக்கிறது. ஈஆர்ஏ5-லேண்டில் மழை, உலகப் பொது நேரப்படி நாள் தொடங்கியது முதல் மணிக்கு மணி கூடிக்கொண்டே போகும் திரள் மதிப்பாகத் தரப்படுகிறது. எனவே 12ஆம் தேதி 00 மணி என்று குறிக்கப்பட்டிருப்பது உண்மையில் 11ஆம் தேதி முழுவதும் பெய்த மழை. அதை 12ஆம் தேதிக்கே எழுதியிருப்பீர்கள்.

ஒரு நாள் முந்தைய தேதிக்கு நகர்த்துவதோடு வேலை முடியாது. மானி காலையில் வாசிக்கப்படுகிறது என்றால் அதன் ‘நாள்’ காலை முதல் காலை வரை. அடுத்தடுத்த மணிகளின் மதிப்புகளைக் கழித்து மணிநேர மழையைப் பெற்று (01 மணி மதிப்பை மட்டும் கழிக்காமல் அப்படியே கொள்ள வேண்டும்), மானியின் நாளுக்கேற்ப மீண்டும் கூட்டுங்கள். வாசித்த நாளுக்கா, முந்தைய நாளுக்கா அந்த மழை எழுதப்படுகிறது என்பதை நிலையப் பதிவேட்டில் பார்த்துவிடுவது நல்லது.

மறுமொழி 2:
விடுபாட்டுக்குப் பூஜ்யம் இட்டதுதான் எனக்கு அதிகம் உறுத்துகிறது. பூஜ்யம் என்றால் மழை இல்லை என்று மாதிரி நம்பிவிடும்; தரவு இல்லை என்பதற்கு ஸ்வாட்டில் -99 இட வேண்டும். அப்போது ஸ்வாட்டில் உள்ள ‘வானிலை உருவாக்கி’ என்ற பகுதி மாதாந்தரப் புள்ளிவிவரங்களிலிருந்து ஒரு மதிப்பை இட்டுக்கொள்ளும். ஆனால் அது உண்மையான புயல் நாளை அறியாது. ஓரிரு நாளுக்கு மேல் அதை நம்ப வேண்டாம். சூரியக் கதிர்வீச்சையும் ஈஆர்ஏ5-லேண்டிலிருந்தே எடுத்திருந்தால், ஜூல் அலகிலுள்ள மதிப்பைப் பத்து லட்சத்தால் வகுத்து மெகாஜூலாக்கினீர்களா என்று பாருங்கள். ஸ்வாட்டுக்குத் தரும் ஈரப்பதம் விழுக்காடாக அல்லாமல் 0 முதல் 1 வரையான பின்னமாக இருக்க வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. மணிநேரமாக்கிக் கூட்டிய பின் முகட்டின் தேதி பொருந்திவிட்டது. உயரம் மட்டும் இன்னும் எட்டவில்லை. வடிநிலத்தின் எல்லாக் கட்டங்களின் சராசரியை எடுத்து நான்கு மானிகளுக்கும் இட்டிருந்தேன், அது காரணமாகுமா?

மறுமொழி 1:
ஆகும். வளைவு எண் (மழையில் எவ்வளவு மேற்பரப்பில் ஓடும் என்பதை மண், நிலப்பயன்பாட்டைக் கொண்டு குறிக்கும் எண்) 75 என்று கொண்டால் தொடக்க இழப்பு, அதாவது நீர் ஓடத் தொடங்கும் முன் நிலம் பிடித்துக்கொள்ளும் மழை, சுமார் 17 மி.மீ. ஒரே நாளில் 60 மி.மீ. பெய்தால் ஏறக்குறைய 14.5 மி.மீ. மேற்பரப்பில் ஓடும், அதே 60 மி.மீ. நாளுக்கு 15 ஆக நான்கு நாள் பெய்தால், மண் ஈரம் கூடுவதைக் கணக்கில் கொள்ளாவிட்டால், ஒரு துளியும் ஓடாது. பரப்பின் குறுக்கே சராசரி எடுப்பதும் இப்படித்தான் கனமழையைத் தூறலாக்கிப் பரப்பிவிடுகிறது. ஒவ்வொரு மானிக்கும் அதன் அருகிலுள்ள கட்டத்தை மட்டும் எடுங்கள். இரண்டும் சேர்ந்து கிடைக்கும் ஆண்டுகளில் மாதவாரியாக மானி மழைக்கும் கட்ட மழைக்கும் உள்ள விகிதத்தைக் கண்டு அதனால் பெருக்குங்கள். மழை நாட்களின் எண்ணிக்கையையும் ஒப்பிடுங்கள். கட்டத் தரவில் பொதுவாக அது மிகுதியாக இருக்கும், அப்படியிருந்தால் 1 மி.மீ.க்குக் குறைந்த நாட்களை விகிதம் காணும் முன்பே நீக்கிவிடலாம்.