காதுகுத்து வீட்டில் மலைத்தேன்: ‘தாத்தா வீடு, கம்பம்’ குழு

கார்த்தி: (படம்)
கார்த்தி: மாடித் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் மலைத்தேனீ கட்டியிருக்கிறது. இரண்டு முழம் இருக்கும். ஞாயிறு காதுகுத்து. கிடாய்க்கறிக்கு அடுப்பு மூட்டுகிற இடத்துக்கு நேர் மேலே. என்ன செய்யலாம்?

முத்துலட்சுமி அத்தை: ஐயோ கருப்பசாமி

தீபா: யாரையும் கொட்டியதா அண்ணே?

கார்த்தி: இதுவரை இல்லை

பாண்டி மாமா: ராத்திரி பந்தம் காட்டிக் கொளுத்திவிடு. ஆள் இருக்கிறான், அனுப்புகிறேன். தேனும் கிடைக்கும்.

ராஜேஷ்: எனக்கு ஒரு பாட்டில்

செல்வம் சித்தப்பா: யாரும் பந்தத்தோடு மேலே ஏறக்கூடாது. கார்த்தி, கவனமாகப் படி. ஒரு கூட்டில் ஆயிரக்கணக்கில் ஈ இருக்கும். கொளுத்தினால் பாதி கருகி விழும், மிச்சம் வெளிச்சம் தெரிகிற வீட்டுக்குள் நுழையும். வீட்டில் பச்சைப்பிள்ளை இருக்கிறது. சும்மா விட்டால் அது தன் வேலையைப் பார்க்கும். அதற்கு ஆகாதது புகை, வெடிச்சத்தம், கல். தூர நின்று பார், கூட்டின் மேல் ஈக்கள் அலை அலையாகச் சிலிர்க்கும். குளவி நெருங்கினால் விரட்டுகிற விதம் அது. அந்த அலை விடாமல் ஓடினால் அங்கே நிற்காதே.

தீபா: அப்பா, நம் தேன்பெட்டியில் பிடித்து வைக்க முடியாதா?

செல்வம் சித்தப்பா: முடியாது பாப்பா. பெட்டியில் இருப்பது அடுக்குத் தேனீ. இருட்டுப் பொந்தில் வரிசையாகப் பல அடை கட்டும், அதனால் பெட்டிக்கு ஒத்துவரும். மலைத்தேனீ வெட்டவெளியில் ஒரே அடைதான் கட்டும். அடைத்து வைத்தால் தங்காது.

முத்துலட்சுமி அத்தை: செல்வம், பேச்சோடு பேச்சாக, என் பீர்க்கங்கொடியில் பிஞ்சு எல்லாம் மஞ்சளாகி உதிர்கிறது. கண்ணேறு என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி.

செல்வம் சித்தப்பா: கண்ணேறு இல்லை அக்கா. பீர்க்கு சாயங்காலம் பூக்கும். அடியில் விரல் போலப் பிஞ்சோடு இருப்பது பெண்பூ, வெறும் காம்பில் இருப்பது ஆண்பூ. ஆண்பூவின் மகரந்தம் பெண்பூவுக்கு வராவிட்டால் பிஞ்சு வெம்பித்தான் போகும். பக்கத்தில் மருந்து அடித்தார்களா?

முத்துலட்சுமி அத்தை: போன வாரம் அடித்தார்கள்

செல்வம் சித்தப்பா: அதுதான். இன்று பொழுது சாய ஓர் ஆண்பூவைப் பறித்து, இதழைப் பிய்த்துவிட்டு, நடுவில் இருக்கிற மஞ்சள் பொடியைப் பெண்பூவின் நடுவில் தடவுங்கள். நான்கு நாளில் பிஞ்சு தடிக்கும்.

பாண்டி மாமா: மருந்து அடிக்காமல் வெள்ளாமை ஏது? ஏலத்தோட்டத்தில் வந்து சொல்லிப் பார்.

செல்வம் சித்தப்பா: மச்சான், ஏலத்துக்குத்தான் முதலில் சொல்வேன். ஏலப்பூ விடியலில் விரியும், ஒரு நாள்தான். மகரந்தத்தை வாங்குகிற சூல்முடி மகரந்தப் பைக்கு மேலே நிற்கிறது, பொடி தானாக அதில் ஒட்டாது. ஈ உள்ளே நுழைந்து வந்தால்தான் காய். பூவில் ஈ மேய்கிற காலை நேரத்தில் அடித்துவிட்டு, சரம் வெறுமையாக இருக்கிறது என்றால் எப்படி? சாயங்காலம் அடியுங்கள். முடிந்தால் பூக்காலத்தில் அடிக்காமலே விடுங்கள்.

ராஜேஷ்: மாமா சொல்வது சரிதான் அப்பா. வண்டன்மேட்டில் எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் பெட்டி வைத்திருக்கிறார்கள்.

பாண்டி மாமா: நீ வேலையைப் பார்

தீபா: அண்ணே, பாப்பாவுக்குப் பட்டுப்பாவாடை பச்சையா மஞ்சளா? கடையில் நிற்கிறேன்

கார்த்தி: சுமதியைக் கேள்

செல்வம் சித்தப்பா: இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். வருஷாவருஷம் இந்த ஈ வடக்குப் பங்கு இலுப்பையில்தான் கட்டும். போன இடத்துக்கே திரும்பி வருகிற சாதி அது. மரம் இல்லை, வீட்டுக்கு வந்துவிட்டது.

பாண்டி மாமா: மரம் எங்கள் பங்கில் நின்றது. உன்னைக் கேட்டு வெட்ட வேண்டுமா?

முத்துலட்சுமி அத்தை: விசேஷ நேரத்தில் இது வேண்டாம்

தீபா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

செல்வம் சித்தப்பா: சண்டைக்குச் சொல்லவில்லை அக்கா. 1992 வாக்கில் தாய்லாந்து சாக்புரூட் என்று தேனீப் புழுவைத் தாக்கும் ஒரு வைரஸ் நோய் தெற்கே பரவி, புழுவெல்லாம் பெட்டிக்குள்ளேயே செத்தது. பெட்டி வைத்திருந்தவர்களில் பெரும்பாலோர் வெறும் பெட்டியோடு நின்றார்கள். அப்போது நம் பூசணிக்குக் காய் வைத்தது இந்த இலுப்பை ஈயால். அண்ணன் அதன் அடியில் யாரையும் தீ மூட்ட விடமாட்டார்.

கார்த்தி: அப்பா என்னிடமும் சொல்லியிருக்கிறார். சரி சித்தப்பா, கொளுத்த வேண்டாம். சமையலைக் களத்துக்கு மாற்றிவிடலாம்.

ராஜேஷ்: பந்தல்காரரிடம் நான் பேசுகிறேன்

செல்வம் சித்தப்பா: மாடிக்கதவைப் பூட்டிவிடு. தொட்டிக்கு அடியில் விளக்குப் போடாதே. மீறிக் கொட்டினால் கையை வீசாமல் உள்ளே ஓட வேண்டும். கொடுக்கை நகத்தால் உடனே வழித்து எடுக்க வேண்டும். ஒன்று கொட்டினால் அந்த வாசனைக்கு மற்றதும் வரும். முகம் வீங்கினாலோ மூச்சு முட்டினாலோ அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி.

முத்துலட்சுமி அத்தை: எத்தனை நாள் இருக்கும் அது?

செல்வம் சித்தப்பா: கோடை மழை விழுந்து மேலே மலையில் காப்பி பூத்தால் கிளம்பினாலும் கிளம்பும்.

கார்த்தி: ஒரு சிக்கல். சுமதி வீட்டார் தாய்மாமன் சீரைத் தெருமுனையிலிருந்து மேளம், வெடியோடு கொண்டு வருகிறார்கள். ஐயாயிரம் வாலா வாங்கியாகிவிட்டதாம்.

ராஜேஷ்: 😳

செல்வம் சித்தப்பா: வெடி கூடவே கூடாது. மேளம் தெருமுனையோடு நிற்கட்டும்.

முத்துலட்சுமி அத்தை: சம்பந்தி வீட்டில் இதை யார் சொல்வது? கல்யாணத்தில் மாலைக்கே பேச்சு வந்தது

பாண்டி மாமா: செல்வம் சொல்லட்டும், அவன்தானே ஈக்கு வக்கீல்

செல்வம் சித்தப்பா: நான் சொல்கிறேன் மச்சான். நீங்களும் கூட வாருங்கள். மூத்தவர் சொன்னால் கேட்பார்கள்.

பாண்டி மாமா: நாளைக்குச் சந்தை இருக்கிறது. பார்ப்போம்.

கார்த்தி: வெள்ளிக்குள் சொல்லிவிட வேண்டும் மாமா

தீபா: பச்சை முடிந்துவிட்டது. மஞ்சள் எடுக்கவா?

முத்துலட்சுமி அத்தை: செல்வம், நடுவில் பொடியே இல்லாமல் ஒரு பூ இருக்கிறது. அது ஆணா பெண்ணா? படம் அனுப்புகிறேன்