சங்ககிரிப் பக்கம் பழைய சுண்ணாம்புப் பாறைக்குழி: மூடுவதா, விடுவதா?

வெப்படைக்காரன்:
வணக்கமுங்க. சிமெண்ட் கம்பெனிக்குக் கல் வெட்டிய பாறைக்குழி ஒன்று எங்கள் ஊர் எல்லையில் பல வருசமாகச் சும்மா கிடக்கிறது. குப்பை கொட்டி மேவிவிடலாம் என்று ஊரில் பேச்சு. அரியலூரில் பார்த்த மாதிரி சங்கு, நத்தை பதிந்த கல் இருக்குமா என்று என் மகள் தேடினாள், ஒன்றும் இல்லை. அப்புறம் அதில் காப்பாற்ற என்னதான் இருக்கிறது?

பழைய போர்மேன்:
தம்பி, நத்தை கிடைக்காது. அரியலூர்க் கல் கிரிடேசியஸ் என்கிற டைனோசர் காலத்துக் கடலில் படிந்தது, சுமார் 7 முதல் 10 கோடி வருசக் கணக்கு. சங்ககிரி, கோவைப் பக்கத்து மதுக்கரைக் கல் அதைவிடப் பல மடங்கு பழையது. பூமிக்கு அடியில் வெந்து, அழுந்தி, மறுபடி படிகமானது. உடைத்தால் கல்கண்டு மாதிரி மின்னும், கத்தியால் கீறலாம்.

மதுக்கரைப் பக்கம் குவாரியில் வேலை பார்த்தவன் நான். வெள்ளைக் கல்லுக்கு நடுவே கரும்பச்சைப் பட்டை வந்தாலே எரிச்சல்தான். டயாப்சைடு, குவார்ட்ஸ் என்ற தாதுக்கள் கலந்த கல், சிலிக்கா ஏறிவிடும். கிரஷருக்கு அனுப்பினால் லேப்காரர் கத்துவார். அதைச் சுவரிலேயே விட்டுவிட்டு நல்ல கல்லை மட்டும் எடுத்தோம். மடிந்து மடிந்து கிடக்கும் அந்தப் பட்டைகளில்தான் இந்தப் பூமி பட்ட பாடு தெரியும். கம்பெனி வேண்டாமென்று விட்டதுதான் மாணவர்கள் பார்க்க வேண்டியது. மேல் மண்ணில் சுண்ணாம்பு திரண்டு இருக்கும் சுக்காங்கல்லை இதோடு சேர்க்க வேண்டாம், அது நேற்று முளைத்தது.

குப்பை மட்டும் கூடவே கூடாது. வெடி வைத்த பாறையெல்லாம் விரிசல். கசிவு நேராகக் கிணற்றுக்குப் போகும்.

ஈரோட்டு நூல் வியாபாரி:
கொம்பன் ஆந்தை இருக்கிறதா பாருங்கள். கூடு கட்டாது, பாறைத் திட்டில் வெறும் தரையில் முட்டை வைக்கும். நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை அந்தச் சுவர்ப் பக்கம் பொக்லைன் போகக் கூடாது.

வெப்படைக்காரன்:
சரிங்கண்ணா. ஆடு மாடு விழுகிறது, பசங்கள் குளிக்க இறங்குகிறார்கள். அதற்கு?

பழைய போர்மேன்:
நியாயமான பயம்தான். விளிம்பைச் சுற்றி வேலி, வேலிக்கு வெளியே மண் கரை. லாரி இறங்கிய சரிவுப் பாதையை மூடாதீர்கள், விழுந்த மாடு ஏறிவர அதுதான் வழி. மற்ற பக்கங்களை மண் போட்டுச் சரித்தாலும் பட்டை தெரியும் ஒரு சுவரை விடுங்கள். சீமைக் கருவேலம் மறைக்காமல் அவ்வப்போது வெட்டினால் போதும். முதலில், குத்தகைக்காரர் சுரங்க மூடல் திட்டம் கொடுத்திருந்தால் அதன் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். வேலி போடுவது அவர் பொறுப்பு என்று அதில் இருந்தால் ஊர்ப் பணத்தைத் தொட வேண்டியதில்லை. இல்லையென்றால் சுரங்கத்தால் பாதித்த ஊர்களுக்கான மாவட்ட கனிம அறக்கட்டளை நிதிக்குக் கலெக்டரிடம் மனு கொடுங்கள்.