ஹார்ன் கான்செர்டினோவுக்கு வியோலா, டபுள் பேஸ் வாசிப்பவர்கள் தேவை

வணக்கம். சேலம் அஸ்தம்பட்டி பக்கம் சின்னதாக ஒரு தந்திக் கருவிக் குழு நடத்துகிறோம். என் அக்கா மகன் பிரெஞ்ச் ஹார்ன் என்ற பித்தளை ஊதுகருவி வாசிப்பான். டிசம்பர் லீவுக்கு அவன் வரும்போது, ஏற்காட்டில் ஸ்வீடன் இசையமைப்பாளர் லார்ஸ்-எரிக் லார்சனின் ஹார்ன் கான்செர்டினோவை (ஹார்னை முன்னிறுத்தி, குழு துணை வாசிக்கும் சிறிய படைப்பு) வாசிக்க ஆசை. 1950களில் எழுதியது, ஓபஸ் 45 (படைப்பு எண் 45) வரிசையில் ஐந்தாவது. ஹார்னுக்குத் துணை தந்திக் கருவிகள் மட்டும்தான். அமெச்சூர் குழுக்களையும் மனதில் வைத்து எழுதிய வரிசை என்பதால்தான் துணிந்தோம்.

வயலினும் செல்லோவும் இருக்கின்றன. வயலினைவிடச் சற்றுப் பெரிய வியோலாவுக்கும், செல்லோவைவிடப் பெரிய டபுள் பேஸுக்கும்தான் ஆள் இல்லை. எங்கள் வயலின்காரர்கள் பெரும்பாலும் கர்நாடக சங்கீதம் கற்றவர்கள். வியோலாவைக் கையில் கொடுத்தால் சமாளித்துவிடுவார்கள், ஆனால் ஆல்டோ க்ளெஃப் (வியோலாவுக்கு இசைக்குறிப்பு எழுதும் முறை) படிக்க வேண்டுமே! சேலம், ஈரோடு, நாமக்கல் பக்கம் சர்ச்சிலோ ரெக்கார்டிங்கிலோ வாசிப்பவர்கள் யாராவது இருக்கிறார்களா?

அப்புறம், ஏற்காட்டில் கதவு சாத்தக்கூடிய சின்ன ஹால் ஒன்றும் வேண்டும். திறந்தவெளி சரிப்படாது. குளிரில் ஹார்னின் சுருதி இறங்கும், ஸ்டீல் தந்தியோ ஏறப் பார்க்கும். நடுவில் மாட்டுவது நாங்கள்.

போக்குவரத்துச் செலவும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. பெரிய சன்மானம் தர முடியாது, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒத்திகை ஞாயிறு காலைகளில் சேலத்தில்தான்.