சிறுவர்களுடன் மண்பாதையில் சைக்கிள்: சிங்கப்பூரில் எங்கே தொடங்குவது?

உட்லண்ட்ஸ்வாசி கேட்கிறார்:
வணக்கம். என் மகனுக்கு 11 வயது, மகளுக்கு 8 வயது. பூங்கா இணைப்புப் பாதைகளில் இருவரும் நன்றாகவே ஓட்டுகிறார்கள். ஆனால் வேரும் கல்லும் கிடக்கும் மண்பாதை அவர்களுக்குப் புதிது, எனக்கும் புதிது. புக்கிட் தீமாவில் உள்ள மலைச்சைக்கிள் பாதை 6 கிலோமீட்டர்தான் என்பதால் முதலில் அங்கே போகலாமா என்று யோசிக்கிறேன்.

சேற்றுச்சக்கரம்:
தூரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். புக்கிட் தீமாவின் கற்பாங்கான இறக்கங்கள் பழகியவர்களையே சில இடங்களில் இறங்கித் தள்ள வைப்பவை. செஸ்ட்நட் இயற்கைப் பூங்காவுக்குப் போங்கள். 81 ஹெக்டேர் பரப்புள்ள அந்தப் பூங்காவில் நடப்பவர்களுக்கும் சைக்கிளோட்டிகளுக்கும் தனித்தனிப் பாதைகள் இருப்பதால், வளைவில் திடீரென யாரேனும் எதிரே நடந்து வருவார்களோ என்ற அச்சம் குறைவு. அங்கே பம்ப் டிராக் எனப்படும் மேடுபள்ளத் தடமும் உண்டு; பிள்ளைகள் முதலில் அதில் பத்துச் சுற்று சுற்றட்டும்.

பழைய தண்டவாளம்:
செஸ்ட்நட் நல்ல இடம்தான், ஆனால் 8 வயதுக் குழந்தைக்கு அது இரண்டாவது வாரத்துக்கு உரியது என்பேன். முதல் நாளுக்கு ரயில் காரிடாரே போதும். 2011ஆம் ஆண்டு வரை ரயில் ஓடிய தடம் என்பதால் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. அதே சமயம், சரளையும் மண்ணும் சக்கரத்துக்குக் கீழே நழுவும் உணர்வு கைக்குப் பழகிவிடும். மொத்தம் 24 கிலோமீட்டர் நீளம், அதில் நான்கைந்து ஓட்டிவிட்டுத் திரும்பலாம். நடப்பவர்களும் அதே பாதையில் வருவார்கள், ஆகவே மணி அவசியம்.

சாங்கி மாமா:
குடும்பமாகப் போவதென்றால் புலாவ் உபின் தீவை விட்டுவிடாதீர்கள். சாங்கியில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். படகுத்துறையை ஒட்டியே வாடகைச் சைக்கிள் கிடைக்கும். வாங்கும் முன் இரண்டு பிரேக்கையும் அழுத்திப் பாருங்கள், நான் ஒருமுறை பார்க்காமல் வாங்கி ஓர் இறக்கம் முழுவதும் காலைத் தேய்த்துக்கொண்டே வந்தேன். தீவின் பொதுச்சாலைகளில் மட்டும் ஓட்டுங்கள். 2008இல் திறக்கப்பட்ட கெட்டாம் மலைச்சைக்கிள் பூங்காவும் அங்கேதான் உள்ளது, ஆனால் கடினமானவை என்று கறுப்பு வைரக் குறியிட்ட அதன் பாதைகள் உங்களுக்கு இப்போது வேண்டாம். காட்டுப்பன்றிகள் திரியும், உணவுப் பையைச் சைக்கிள் கூடையில் வைத்துவிட்டு நகராதீர்கள்.

உட்லண்ட்ஸ்வாசி:
மூவருக்கும் நன்றி. ரயில் காரிடாரில் தொடங்குகிறோம். இறக்கத்தில் மகள் பயந்து முன்பிரேக்கை மட்டும் பிடிக்கிறாள், அதற்கு என்ன செய்வது?

சேற்றுச்சக்கரம்:
சீட்டை இரண்டு விரற்கடை இறக்குங்கள். இரண்டு பெடலும் ஒரே மட்டத்தில் இருக்க, எழுந்து நின்று, உடலைச் சற்றுப் பின்னால் தள்ளி, இரு பிரேக்கையும் மெல்ல விட்டுவிட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். டயரில் காற்றையும் சாலைக்கு வைப்பதைவிடக் கொஞ்சம் குறைத்தால் பிடிமானம் கூடும். மழை பெய்த மறுநாள் மட்டும் வேண்டாம். ஈர வேர் சோப்புக்கட்டிபோல் வழுக்கும்.